வத்தல் போடுவதற்கு முன் ஒரு வார வானிலையைப் பார்ப்பது எப்படி?

கத்திரியில் மழை எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில், போன மே மாதம் நாலு கிலோ அரிசிக்குக் கூழ் காய்ச்சி மொட்டை மாடியில் வத்தல் பிழிந்தோம். எங்களுக்குத் திருச்சி. மாலை ஐந்தரைக்குப் புழுதிக் காற்று கிளம்பியது. நான் படியேறி முடிப்பதற்குள் வத்தல் வேட்டியோடு சேர்ந்து மறுபடியும் கூழாகியிருந்தது. “மழைன்னு சொன்னாங்களா இல்லையா?” என்று அம்மா கேட்டார். சொல்லியிருந்தார்கள், “ஓரிரு இடங்களில்” என்று. அதை நான்தான் தப்பாகப் படித்திருந்தேன்.

இப்போது ஞாயிறு இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி ஊறப்போடுகிறோம். நான் பார்க்கும் வரிசை இது.

படி 1: சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்துக்குப் போய் அன்றைய தமிழ் அறிக்கையை எடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது வேண்டாம். அதில் பாதி போன வருஷத்தது. போனிலேயே இருக்கும் ஆப்பில் சூரியன், மேகம், ரெண்டு துளி படம் வருமே, வத்தல் விஷயத்தில் அதையும் நம்பாதீர்கள். மே மாதம் முழுக்க அதே படம்தான்.

படி 2: இடத்தைக் குறிக்கும் சொல்லைப் பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். “ஓரிரு இடங்களில் மழை” என்றால் மழை கொஞ்சமாகப் பெய்யும் என்று நினைத்திருந்தேன். அது மழையின் அளவே இல்லை. அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் எத்தனை நனையும் என்ற கணக்கு. ஓரிரு இடங்கள் என்றால் நூற்றுக்கு 25 நிலையங்கள் வரை. ஒருசில இடங்கள் என்றால் 26 முதல் 50 வரை. அநேக இடங்கள் என்றால் 51 முதல் 75 வரை. அதற்கும் மேல் பெரும்பாலான இடங்கள்.

மாட்டிக்கொண்ட இடத்தில் எவ்வளவு கொட்டும் என்பது தனிக் கதை. அதற்குத்தான் லேசான, மிதமான, கன என்ற சொற்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. “மிதமான மழை” என்பது ஒன்றரை சென்டிமீட்டரில் தொடங்கி ஆறரை சென்டிமீட்டரைத் தொடும் வரை போகும். கோடை இடிமழையில் நாலு சென்டிமீட்டர் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். அறிக்கைக்கு அது மிதம், வத்தலுக்கு அது பிரளயம். ஸ்ரீரங்கத்தில் தெருவில் தண்ணீர் ஓடும்போது கண்டோன்மென்ட்டில் தரை காய்ந்து கிடப்பதும் இதே “ஓரிரு” கணக்கில்தான் வரும்.

என் வழக்கம் இப்படி: “வறண்ட வானிலை” என்றால் முழு அளவு. “ஓரிரு” என்றால் போடலாம், ஆனால் மூன்று மணிக்கு மேல் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். “ஒருசில” என்றால் ஒரு கிலோவோடு நிறுத்திவிடுவோம். “அநேக” என்றால் அரிசியையே தொடுவதில்லை.

படி 3: மழைக்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதியிருப்பார்கள். “கிழக்கு திசை காற்றும் மேற்கு திசை காற்றும் சந்திக்கும் பகுதி” என்று இருந்தால் காலை வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு பக்கம் கடலின் ஈரக்காற்று, இன்னொரு பக்கம் வறண்ட காற்று. இரண்டும் முட்டும் இடத்தில் மதியச் சூட்டில் மேகம் கிளம்பி, மாலையில் இடிக்கும்.

படி 4: வெப்பநிலை. “இயல்பை விட 2–3 டிகிரி அதிகம்” என்றால், நேற்றை விட என்று அர்த்தமில்லை. அந்த ஊரின் அந்த நாளுக்குரிய நீண்டகால சராசரியை விட. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பை விட நாலரை டிகிரியாவது கூடினால்தான் வெப்ப அலை என்பார்கள். கடலோரத்துக்கு 37 போதும். வத்தலுக்கு 38, 39 தாராளம்.

படி 5: ஐந்து நாளுக்கு நான் திறப்பது விண்டி என்ற வானிலை ஆப். அதில் ஈசிஎம்டபிள்யூஎஃப் மாடலை (ஐரோப்பிய வானிலை மையத்தின் கம்ப்யூட்டர் கணிப்பு) தேர்ந்தெடுத்து உங்கள் ஊரை அழுத்துங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு கட்டமாக மழை தெரியும். மதியம் இரண்டு முதல் இரவு எட்டு வரையுள்ள கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும். மறுநாள் காலையும் ஒருமுறை பாருங்கள். மழை காட்டும் நாள் மாறாமல் இருந்தால் நம்பலாம், நாள் தாவிக்கொண்டே இருந்தால் மாடலுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். ஆறாம் ஏழாம் நாள் இடிமழையை எந்த மாடல் சொன்னாலும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

படி 6: போட்ட அன்று ரேடார். எங்களுக்குக் காரைக்கால் ரேடார் எட்டும். மதியத்துக்கு மேல் அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, சிவப்புத் திட்டு (பலத்த மழை) எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். படத்தின் ஓரத்தில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 10:30 என்று பார்த்து “காலைப் படம்தானே” என்று ஒருநாள் மூடிவிட்டேன். அது மாலை நாலு மணிப் படம்.

பின்சேர்க்கை: “செவ்வாய் மாலை எங்கள் தெருவில் மழை, ஆனால் மழை அளவுப் பட்டியலில் புதன்கிழமை என்று இருக்கிறதே” என்று ஒருவர் கேட்டிருந்தார். தவறில்லை. வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. முடியும் நாளின் தேதியில் பதிவாகும். செவ்வாய் மாலை மழை புதன் தேதியில்தான் வரும். பழைய பதிவுகளைப் பார்த்து நாள் குறிப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா, மழையே இல்லாமல் மூன்று நாளாகியும் வத்தல் ஒடியவில்லை, வளைகிறது என்று எழுதியிருந்தார். அறிக்கையில் “அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்” என்று ஒரு வரி வருமே, நாம் சிரித்துக்கொண்டே தாண்டிப்போகும் வரி, கடலோரக்காரர்களுக்கு அதுதான் முக்கியம். அந்த வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள், கடல்காற்று நுழைவதற்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், தாமினி ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வந்தாலே எச்சரிக்கும். 20 கிலோமீட்டர் எச்சரிக்கை வந்தபின் மாடியில் நின்று வேட்டியைச் சுருட்டிக்கொண்டிருக்காதீர்கள். அப்படியே போட்டுவிட்டு இறங்குங்கள், அம்மா திட்டினாலும் பரவாயில்லை.