ஆன் ஆகும்போதே விழும் கம்ப்யூட்டர்: ஃபார்மேட்டுக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விண்டோஸ் லோகோ வருகிறது, அடியில் புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் திரை இருண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உடனே பலர் எடுக்கும் முடிவு ஃபார்மேட். சில நேரம் அது பலிக்கும். ஆனால் சிஸ்டம் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்காமல் கைவைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

மதர்போர்டு கம்பெனியின் லோகோவே வராமல் நின்றால் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), ராம் (தற்காலிக நினைவகம்), பிராசசர், கிராபிக்ஸ் கார்டு மீதுதான். புதிய போர்டுகளில் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேடலாம். லோகோ தாண்டி விழுந்தால் ஒரு சோதனை போதும்: பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸைக் குறை சொல்ல வழியில்லை. அணையாமல் நின்றாலும் ஹார்டுவேர் நிரபராதி ஆகிவிடாது, பயாஸில் சுமை குறைவு. அங்கேயே பிராசசர் வெப்பத்தையும் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 80, 90 டிகிரி என்று ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று நழுவியிருப்பது அடிக்கடி நடக்கும்.

அடுத்த தவறு, ப்ளூ ஸ்கிரீனை, அதாவது விண்டோஸ் விழும்போது பிழையின் பெயரைக் காட்டும் திரையை, படிக்காமல் விடுவது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் மறைவதற்குக் காரணம் தானாக ரீஸ்டார்ட் ஆகும் ஏற்பாடு. விண்டோஸ் 10, 11-ல் லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 9-ஐ அழுத்தினால் தானியங்கி ரீஸ்டார்ட் நிற்கும். 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் நிலை. சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால் அண்மையில் ஏறிய டிரைவரையோ புரோகிராமையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அங்கே மருந்து ஃபார்மேட் அல்ல. சேஃப் மோடில் போய் அந்தப் பழுதான ஃபைலை நீக்குவதுதான்.

ப்ளூ ஸ்கிரீனில் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' (பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை) என்று வந்தால், ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று புதிது வாங்க ஓடாதீர்கள். பழைய சிஸ்டங்களில் இதன் பின்னால் சில நேரம் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால் பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பக்கூடும். அதில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ ஐடிஇ-க்கோ மாறிவிடலாம். அப்போது விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாது. தேதி பல வருடம் பின்னால் போயிருப்பது இதற்கு நல்ல அறிகுறி. 3 வோல்ட் புது பேட்டரி போட்டு, மோடை முன்பிருந்தபடி மாற்றினால் முடிந்தது.

ராம் விஷயத்துக்கு வருவோம். கடையில் ரப்பரால் தேய்த்து மாட்டித் தருவார்கள், ஓடவும் ஓடும். பல நேரம் ஓடியது கழற்றி மாட்டியதால்தான், தேய்த்ததால் அல்ல. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது; ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது வேறு தொல்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கழற்றும் முன் பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு ஸ்டிக்கை மாட்டிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாக பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட், அதாவது ஏ2. எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் ஆகியிருந்தால் முதலில் அதை அணையுங்கள். 3200 வேகத்தில் விழும் ராம் 2400-ல் சமர்த்தாக ஓடக்கூடும். அப்படியானால் ஸ்டிக்கைத் தூக்கி எறியத் தேவையில்லை. ராமைச் சோதிக்கும் புரோகிராமான மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்றும் முழுதாக ஓட்ட வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும். முதல் சுற்றில் பிழை இல்லை என்று நிறுத்துவது சோதனையே செய்யாததற்குச் சமம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். 230 வோல்ட் இணைப்பில் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பச்சை வயரையும் கறுப்பையும் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுவதைக் காட்டி 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வதும் ஏமாற்றுதான். சுமையில்லாமல் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சிஸ்டம் ஓடும்போது நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் (மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு வயர்கள் உள்ளது) மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். அளவு சரியாக வந்தாலும் ஒரு கணச் சரிவை மீட்டர் காட்டாது என்பதால், நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. அப்படி மாற்றும்போது ராமையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள். சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது.

டிஸ்க்கில் சந்தேகம் வந்ததும் செக்டிஸ்க்கை (விண்டோஸின் டிஸ்க் சோதனை) /r சேர்த்து ஓட்டுவது டேட்டாவை இழக்கும் நேர்வழி. சாகப்போகும் ஹார்டு டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும். முதலில் லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (விண்டோஸைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிறகு ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நலத்தைத் தானே பதியும் குறிப்பு) 'ரீஅலோகேட்டட்', 'பெண்டிங்' செக்டர் எண்ணிக்கையை, அதாவது பழுதாகி மாற்றப்பட்ட, படிக்கச் சிரமப்படும் இடங்களின் எண்ணிக்கையை, பாருங்கள். அவை நாளுக்கு நாள் ஏறினால் ரிப்பேர் செய்யும் பேச்சே வேண்டாம்.

பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று யோசியுங்கள். விண்டோஸ் 11 போட்டுத் தந்த பல சிஸ்டங்களில் சொல்லாமலே ஆன் ஆகியிருக்கும். பயாஸ் ரீசெட் செய்தாலோ அப்டேட் செய்தாலோ அது 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். லைவ் பென் டிரைவிலும் அந்தக் கீ இல்லாமல் டிரைவ் திறக்காது. கீ வழக்கமாக முதலில் லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். போனிலேயே உள்ளே போய் எடுத்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பிறகு கேபினெட்டைத் திறங்கள்.