சாவியில்லாத பூட்டு: மதுரைப் பக்கம் புதிதாகக் குடியேற வருபவர்களுக்கு

மலேசியா, சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளிலிருந்து மதுரைப் பக்கம் வந்து குடியேறும் நம்மவர்களில் பலருக்கு வந்த முதல் நாளே எதிர்ப்படும் சிக்கல், ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரியாமல் போவதுதான். நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து மேலூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்தபோது, உதவ முன்வந்த உறவினர் ஒருவர் பூட்டுக்குள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். பூட்டு அசையவில்லை, நாதாங்கி அறைந்திருந்த தேக்கு நிலை நீளவாக்கில் பிளந்துவிட்டது. அதைச் சரிசெய்த ஆசாரிக்குக் கொடுத்த கூலியில் நல்ல பூட்டுகள் பல வாங்கியிருக்கலாம். ஆகவே, பூட்டைவிடக் கதவும் நிலையும் விலைமதிப்புள்ளவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் சாவியைத் தேடுங்கள். திண்ணை மாடக்குழியிலும் நிலையின் மேல்விளிம்பிலும் கைவிட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டு அத்தையிடமும், இதுவரை மின்கட்டணம் கட்டிவந்த சித்தப்பாவிடமும் கேளுங்கள். சாவி கிடைக்காவிட்டால், பூட்டைத் தொடுவதற்கு முன் அந்த வீட்டில் பங்குள்ள எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி ஒப்புதல் பெறுவது மிகவும் அவசியம், ஏனெனில் பாகம் பிரிக்காத வீட்டில் ஒருவர் தனியாகப் பூட்டை உடைத்தால் அது காவல் நிலையம் வரை போகும் வழக்காக மாறக்கூடும். சொத்து வரி ரசீது, மின்கட்டண ரசீது, உங்கள் கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் இருவர் முன்னிலையில் பகல் நேரத்தில் திறப்பதே முறை. வங்கியோ நீதிமன்றமோ முத்திரையிட்ட பூட்டையும், வாடகை வீட்டில் உரிமையாளர் போட்ட பூட்டையும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

அடுத்து, அது என்ன பூட்டு என்று பாருங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தொங்குவது பெரும்பாலும் திண்டுக்கல் பூட்டாக இருக்கும். மதுரையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள திண்டுக்கல்லில் கையால் செய்யப்படும் இந்தப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவிலான மாங்காய்ப் பூட்டு அதன் வகைகளில் பெயர்பெற்ற ஒன்று. உள்ளே லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கும் சாவிக்கே பூட்டு திறக்கும். இத்தகைய பூட்டை அறுப்பதற்கு எனக்கு மனம் ஒப்பாது. அனுபவமுள்ள சாவி செய்பவர், வெட்டாத சாவி ஒன்றை விளக்குப் புகையில் கரியேற்றி உள்ளே விட்டுத் திருப்பி, அதில் விழும் தடத்தைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவி, புதிய சாவியையே செய்துவிடுவார். பூட்டிய பூட்டைக் கடைக்குக் கொண்டுபோக முடியாதாகையால், அவரை வீட்டுக்கே அழைத்துவர வேண்டும். கிளம்பும் முன்பே கூலியையும் பயணச் செலவையும் பேசிவிடுங்கள். துருப்பிடித்த பூட்டாக இருந்தால், அவர் வருவதற்கு முதல் நாளே சாவித் துவாரத்தில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். அது தூசியைப் பிடித்து இறுகிவிடும்.

சாதாரணப் பூட்டாக இருந்தால் அறுத்துவிடலாம். பல மாதங்களாக மின்சாரம் இல்லாத வீட்டில், எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் ஆக்சா பிளேடும் சட்டமுமே கைகொடுக்கும். பூட்டின் வளைந்த கம்பியில் பிளேடு பிடிக்காமல் வழுக்கினால் அது கடினப்படுத்திய எஃகு என்று பொருள். அதோடு மல்லுக்கட்டாமல் நாதாங்கியைப் பாருங்கள். நாதாங்கி பெரும்பாலும் மெது இரும்பாகவே இருக்கும். அதன் திருகாணி வெளியே தெரிந்தால் கழற்றிவிட்டாலே போதும், கதவில் ஒரு கீறலும் விழாது. கம்பியை ஒரு பக்கம் அறுத்ததும் சில பூட்டுகளில் அது சுழன்று விலகிவிடும். கம்பியின் இரு கால்களையும் பிடித்திருக்கும் பூட்டில் இரண்டாவது இடத்திலும் அறுக்க வேண்டியிருக்கும்.

வெல்டிங் பட்டறையிலிருந்து கட்டிங் மெஷின் வரவழைத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதிலிருந்து பறக்கும் தீப்பொறி வெகுதூரம் தெறிக்கும். பக்கத்தில் வைக்கோல் போர், சாக்கு, சமையல் எரிவாயு உருளை எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை அருகில் வைத்து, மரக்கதவின் மேல் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, அறுப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். குழந்தைகளைத் தெருவின் மறுபக்கம் நிறுத்திவிடுங்கள்.

கதவு திறந்ததும், நின்ற சாட்சிகளோடு உள்ளே போய், இருக்கும் பொருட்களைக் கைப்பேசியில் படமெடுத்துப் பங்காளிகளுக்கு அனுப்பிவிடுங்கள். அன்று மாலைக்குள் புதுப் பூட்டு வாங்கி, அதன் சாவிகளில் ஒன்றை அடுத்த வீட்டில் கொடுத்து வைத்து, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதைக் குடும்பத்தார் எல்லோருக்கும் எழுதி அனுப்புங்கள்.