பல் வைத்த இன்ஜினைப் பார்த்துச் சிரிக்கலாமா?

பழைய நீராவி இன்ஜின் படங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் செய்யும் தவறு, உடனே சிரித்துவிடுவது. 1812-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகே மிடில்டன் நிலக்கரிச் சுரங்கப் பாதையில் ஓடிய இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத் தண்டவாளத்தின் வெளி ஓரத்தில் வரிசையாகப் பற்கள். அவற்றைக் கவ்விக்கொண்டு உருளும் ஒரு பல்சக்கரம். "வழுவழுப்பான சக்கரம் வழுக்கிவிடும் என்று பயந்திருக்கிறார்கள், பாவம்" என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அது பாதிக் கதை. வழுவழுப்பான சக்கரமே சுமை இழுக்கும் என்பதை டிரெவிதிக் என்ற பொறியாளர் 1804-இலேயே வேல்ஸில் காட்டிவிட்டார். ஆனால் இன்ஜினின் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம் அங்கங்கே உடைந்தது. எடையைக் குறைத்தால் பிடிமானம் போச்சு, கூட்டினால் தண்டவாளம் போச்சு. சுரங்க நிர்வாகி பிளென்கின்சாப் அதற்குக் கண்ட வழிதான் பல். சுமார் 5 டன் இன்ஜின், சமதளத்தில் 90 டன் வரை இழுத்தது. இதை நம் நீலகிரி மலை ரயிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பல் இருப்பது, ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்துக்காக.

1813-இல் பிரண்டன் என்ற பொறியாளர் செய்த இன்ஜினுக்கோ பின்புறம் இரண்டு இரும்புக் கால்கள். தரையை உதைத்து உதைத்து வண்டியைத் தள்ளும், ஆள் நடக்கிற வேகத்தில். அதே மாதிரி இன்னொன்று 1815-இல், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தபோது வெடித்து, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பழியைக் கால்கள்மேல் போட்டுவிடாதீர்கள். வெடித்தது பாய்லர். காலில்லாத இன்ஜின்களின் பாய்லர்களும் அந்தக் காலத்தில் வெடித்திருக்கின்றன.

இரண்டு முனையிலும் புகைபோக்கி வைத்த ஃபேர்லி இன்ஜினை, இரண்டு இன்ஜின்களை முதுகோடு முதுகு ஒட்டியது என்று நினைப்பதும் தவறு. நடுவில் அடுப்பு, இரு பக்கமும் நீளும் ஒரே பாய்லர். ஓட்டுநர் ஒரு பக்கம் நிற்பார், கரி போடுபவர் மறுபக்கம். அடியிலுள்ள இரண்டு சக்கரத் தொகுதிகளும் தனித்தனியே திரும்புவதால் வளைவில் சிரமமில்லை. வேல்ஸின் ஃபெஸ்டினியோக் பாதையில் 1869-இல் வந்த இந்த வகை இன்றும் அங்கே ஓடுகிறது.

சரி, சிரித்தே ஆக வேண்டியதைப் பார்த்து வியப்பவர்களும் உண்டு. 1890-களில் அமெரிக்காவில் வந்த ஹோல்மன் இன்ஜினில் பிஸ்டன் சுழற்றும் ஒவ்வொரு இயக்கு சக்கரத்துக்கும் அடியில் இரண்டு சக்கரங்கள், அவற்றுக்கும் அடியில் மூன்று. பிஸ்டன் வேகம் கூடாமலே வண்டி பறக்கும் என்றார்கள். அதற்குப் பெரிய சக்கரம் ஒன்றை மாட்டினாலே போதுமே! படம் போலி இல்லை, இன்ஜின் ஓடவும் ஓடியது. பங்குப் பத்திரம் விற்கத்தான் இந்த ஏற்பாடு என்று ரயில்வே விவரம் தெரிந்தவர்கள் அப்போதே திட்டித் தீர்த்தார்கள்.