பெங்களூரு அல்சூர் மெஸ்ஸுக்கு நான் காய் வாங்கும் விதம்

மெனுவை எழுதிவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். சந்தையைப் பார்த்துவிட்டு வந்து கரும்பலகையில் எழுதுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கலாசிபாளையம் காய்கறிச் சந்தையில் முதல் சுற்று வெறும் விலை கேட்க மட்டும். பை இரண்டாவது சுற்றில்தான் திறக்கும். ஹாப்காம்ஸ் என்ற தோட்டக்கலை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் அன்றைய விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனால் பேரம் பேசத் தைரியம் வரும்.

டிசம்பர், ஜனவரி என்றால் மொச்சைதான். இங்கே அவரேகாய் என்பார்கள். பனியில் விளைந்த காயைக் கையில் எடுத்தால் விரலில் பிசுபிசுப்பும் வாசனையும் ஒட்டும். அதைக் கன்னடத்தில் ‘சொகடு’ என்று கேட்டு வாங்குங்கள். வாசனை இல்லையா, நகர்ந்துவிடுங்கள். உரித்தால் எடையில் பாதிகூடத் தேறாது. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுக்கும் பிதுக்குப்பருப்புக் குழம்பு வைப்பதானால் தோலும் போகும், ஆள்கூலியும் சேரும். முதல் வருஷம் இந்தக் கணக்கைப் போடாமல் விலை வைத்து, ஒரு வாரம் கைக்காசைப் போட்டேன்.

தக்காளி கோலார் பக்கமிருந்து வரும். குழம்புக்குப் பழுத்தது, நாளைக்குச் செங்காய். மே, ஜூனில் அதே பக்கத்துச் சீனிவாசபுரம் மாம்பழம், அதற்குச் சமையலே வேண்டாம்.

அப்புறம், விவசாயியிடம் நேரடியாக வாங்கினால் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மறுவாரம் நல்ல கூடையை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்.