கல்லூரி வழிகாட்டி முகாம்கள் சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊர் ஊராக வழிகாட்டி முகாம் தொடங்கிவிடும். முன்னாள் மாணவர் சங்கமோ இளைஞர் மன்றமோ மண்டபம் பிடித்து, பேச்சாளரை அழைத்து, சாப்பாடும் போட்டு அனுப்புவார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் கைதட்டிவிட்டுப் போன பிள்ளைகளில் சிலர் ஆகஸ்டில் ஜவுளிக்கடையிலோ பனியன் கம்பெனியிலோ நிற்பார்கள். ஆசை இல்லாமல் போனவர்கள் இல்லை. ஒரு சான்றிதழிலோ, ஒரு ஓடிபியிலோ, ஒரு கடைசித் தேதியிலோ சிக்கி நின்றவர்கள்.

முதல் தவறு, மே மாதம் வரை காத்திருப்பது. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடும். தேசியப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ தேர்வின் முதல் சுற்று ஜனவரியில் வரும். மே மாதம் மேடையேறி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசினால், கேட்கிற பிள்ளைக்கு ஏக்கம்தான் மிஞ்சும். இன்னும் பின்னால் போனால், பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப் எடுத்தவருக்குப் பொறியியலில் பெரும்பாலான கதவுகள் அன்றே மூடியாயிற்று. பேச வேண்டிய நேரம் பத்தாம் வகுப்பு முடிகிற தறுவாய்.

அடுத்தது சான்றிதழ். மேடையில் இதற்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதி முகாமே இதற்குத்தான் வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் முன்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் அப்பா பெயரே வேறு எழுத்தில் இருக்கும். இதையெல்லாம் பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால் திருத்த நேரம் இருக்கும். ஜூனில் பார்த்தால், இ-சேவை மையத்தில் பதிந்து, விஏஓ பார்த்து, ஆர்ஐ பார்த்து, தாசில்தார் கையெழுத்தாகி வருவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும். குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இதே நடைதான். அதோடு, அரசின் கவுன்சலிங் (கலந்தாய்வு) வழியாகச் சேர்ந்தால்தான் அந்தக் கட்டணச் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

சலுகைகளைக் குழப்பிச் சொல்வதும் சகஜமாக நடக்கிறது. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களுக்கும் பின்னர் விரிந்தன. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘உங்களுக்கு எல்லாமே ஃப்ரீ’ என்று சொல்லி அனுப்பினால், கல்லூரி வாசலில் அவமானப்படுவது அந்தக் குடும்பம்தான். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

அப்புறம் பிரவுசிங் சென்டர். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டு விண்ணப்பத்தை முடித்துத் தருவார். பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். ஒதுக்கீடு வந்த செய்தி கடைக்காரருக்குப் போகும், கடைக்கு அன்று லீவாக இருக்கும். தற்காலிக ஒதுக்கீட்டைக் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த சீட் போனதுதான். முகாமிலேயே பிள்ளையின் பெயரில் ஒரு மெயில் திறந்து, வீட்டு நம்பரைப் பதிந்து, இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பேச்சாளருக்குப் போடும் பொன்னாடையைவிட இது உபயோகம்.

பொறியியல் கவுன்சலிங்கின் விருப்பப் பட்டியலில் மூன்று பெரிய கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போகிற பிள்ளைகள் நிறைய. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். தன் பிரிவில் போன ஆண்டு எந்த கட்-ஆஃப் வரை இறங்கியது என்று பார்த்து, மேலே ஆசைப்பட்டதும் கீழே நிச்சயமாகக் கிடைப்பதுமாக அடுக்கச் சொல்லுங்கள். பொறியியல் மட்டுமே படிப்பு என்கிற தொனியும் வேண்டாம். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய்தான் ஆகும், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2 ரூபாய். அதையும் ஒரு கையிருப்பாகப் போட்டு வைக்கலாம்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் வருவார். ‘ஒரிஜினலைக் கொடுங்க, சீட்டு கன்ஃபார்ம்’ என்பார். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இலேயே சொல்லிவிட்டது. இதைப் பிள்ளைகளிடம் சொல்வதைவிடப் பெற்றோரிடம் சொல்வது முக்கியம். அவர்களோ பகல் பதினொரு மணிக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவிலேயே கூட்டம் போடுங்கள்.

பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனவர்களை யாரும் அழைப்பதே இல்லை. துணைத்தேர்வு எழுதித் தேறினால் அதே ஆண்டில் பொறியியலுக்குத் துணைக் கவுன்சலிங்கே இருக்கிறது.

சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்ததாக நினைப்பது கடைசித் தவறு. அரசின் பிற்படுத்தப்பட்டோர் நல, ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முதல் செமஸ்டரில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் வந்து விழும்போது தமிழ்வழிப் பிள்ளை வகுப்புக்குப் போவதைக் குறைக்கும், இரண்டு அரியர் விழும், பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போக மாட்டார். அதனால் முகாம் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அதே கல்லூரியில் படிக்கும் சீனியர் ஒருவருக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுத்து, டிசம்பர் வரை வாரம் ஒரு முறை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.