தொற்று வார்டில் டூட்டியா? நர்சிங் மாணவர்கள் மனதைப் பார்த்துக்கொள்ளும் வழி

2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில், இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) மாணவர்களையும் சீனியர்களின் மேற்பார்வையில் கோவிட் டூட்டியில் போடலாம் என்று மத்திய அரசு சொன்னது. அப்படியொரு டூட்டி வந்தால் மாணவர்களை அதிகம் வாட்டுவது, எது தன் பொறுப்பு என்று தெரியாமல் நடந்த எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வதுதான். அதனால் அதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே டியூட்டரிடமோ வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடமோ மூன்று விஷயம் கேளுங்கள். தனியாக என்னென்ன செய்யலாம்? ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் எதைச் செய்யலாம்? எதைத் தொடவே கூடாது? பதிலைப் பாக்கெட் நோட்டில் எழுதுங்கள். பழகாத வேலையைக் கொடுத்தால், "சிஸ்டர், இதை நான் தனியா செஞ்சதில்ல, ஒரு தடவை பக்கத்துல நில்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஆள் பற்றாக்குறை நேரத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் செய்து தப்பாகிவிட்டால் அந்த உறுத்தல் மாதக்கணக்கில் போகாது.

நோயாளிக்கு மோசமானால், பதற்றத்தில் "சிஸ்டர், சீக்கிரம் வாங்க" என்று மட்டும் கத்துவோம். அதில் யாருக்கும் எதுவும் புரியாது. பெட் நம்பர், என்ன மாறியது, இப்போது என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்: "பெட் 14, சாச்சுரேஷன் 94-ல இருந்து 86-க்கு வந்துடுச்சு, ஆக்சிஜன் 6 லிட்டர் போகுது, உடனே வாங்க." (சாச்சுரேஷன் என்றால் ரத்தத்தில் ஆக்சிஜனின் சதவீதம்.) பிறகு நேரத்தைக் குறியுங்கள்: 2.10-க்குக் குறைந்தது, 2.11-க்குச் சொன்னேன். விடியற்காலையில் "இன்னும் சீக்கிரம் பார்த்திருக்கலாமோ" என்று மனசு குடையும்போது அந்த ஒரு வரி பெரிய துணை.

மூச்சுப் பயிற்சிக்கு வார்டில் நேரம் கிடைக்காது, ஆனால் கை கழுவத்தான் வேண்டும். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடி. கழுவும்போதே 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். அப்படி நான்கு மூச்சு விட்டால் 40 நொடி ஆகிவிடும்.

உறவினர் போனில் "அப்பா பொழச்சுடுவாரா?" என்று கேட்டால், "சரியாயிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது பொய்த்தால் உங்களைத்தான் அரிக்கும். "அத டாக்டர்தான்மா சொல்லணும். காலைல அரை டம்ளர் கஞ்சி குடிச்சார், உங்களத்தான் கேட்டார்" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

மரணம் நேர்ந்தால், உடலைத் தயார் செய்யும் முன் ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்கலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை நர்ஸ் ஜோனதன் பார்ட்டல்ஸ் தொடங்கிவைத்த வழக்கம் இது. உடைமைகளை இரண்டு பேராக எண்ணி எழுதுங்கள். 'தங்க வளையல்' என்று எழுதாமல், 'மஞ்சள் உலோக வளையல் 2' என்று எழுதுங்கள், பின்னால் தகராறு வராது. வளையலைக் கழற்றும்போது கை நடுங்கினால் எழுதும் வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

டூட்டி முடிந்து பிபிஇ (பாதுகாப்பு உடை) கழற்றும்போதுதான் களைப்பில் தவறு நடக்கும். "வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேனோ" என்ற பயம் அங்கேதான் பிறக்கிறது. ஒருவர் படிகளை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கழற்றட்டும். என்-95 மாஸ்க் கடைசியில், வார்டுக்கு வெளியே வந்த பிறகு: கீழ் நாடா முதலில், மேல் நாடா பிறகு, முன்பக்கத்தைத் தொடாமல்.

ஹாஸ்டலில் முதலில் குளியல், சாப்பாடு, பிறகு தூக்கம். தூங்கப்போகும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே கடைசி டீயைக் குடித்துவிடுங்கள். வார்டிலிருந்து தூக்க மாத்திரை எடுத்துப் போடவே கூடாது. பேட்ச் முழுவதையும் உட்காரவைத்து "நடந்ததையெல்லாம் சொல்லுங்க" என்று கட்டாயப்படுத்துவதும் தவறு. சிலருக்கு அது காயத்தைக் கிளறுவதுபோல் ஆகிவிடும். பேச நினைப்பவர் பேசட்டும், மற்றவர் சும்மா கூட இருந்தால் போதும்.

தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் அழுகை, வார்டு வாசலிலேயே படபடப்பு, இதெல்லாம் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் ஆலோசகரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. டியூட்டரிடம் "மேடம், என்னால முடியல" என்பதோடு நிறுத்தாமல், "மூணு நாளா தூங்கல, ஒரு வாரம் வேற வார்டு கொடுங்க" என்று கேளுங்கள். தேவை இன்னதென்று தெரிந்தால் அவர் ரோஸ்டரை (டூட்டிப் பட்டியலை) மாற்றுவது எளிது.