சிங்கப்பூர்ல இருந்து மலாக்காவுக்கு கைடோட ஒருநாள் டூர்: முதல் தடவை போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

சிங்கப்பூருக்கு சுத்திப்பாக்க வந்தவங்க, இங்க வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சுங்கறவங்க, ரெண்டு பேருமே கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, "ஒரே நாள்ல மலேசியா போயிட்டு வந்துடலாமா?" வரலாம். கோலாலம்பூரை ஒரே நாள்ல முடிக்கணும்னு ஆசைப்படாதீங்க, பஸ்லயே பொழுது போயிடும். மலாக்கா கரெக்டா இருக்கும். தூரம் சுமாரா 240 கிலோமீட்டர், பாக்க வேண்டிய இடமெல்லாம் நடக்குற தூரத்துக்குள்ளயே இருக்கு, 2008-ல யுனெஸ்கோ பினாங்கோட ஜார்ஜ் டவுனையும் இதையும் சேர்த்து உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க.

ஆனா ஒரு கணக்கை முதல்லயே மனசுல போட்டுக்கோங்க. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், பார்டர்ல கூட்டம் இருந்தா அதுக்கும் மேல. அதனால மலாக்கா மண்ணுல உங்களுக்குக் கிடைக்கப்போறது அஞ்சு மணி நேரம், ரொம்ப நல்லா போனா ஆறு. இந்த அஞ்சு மணி நேரத்தை எப்படிக் காப்பாத்துறதுங்கறதுதான் கீழ இருக்குற எல்லா ஸ்டெப்பும்.

ஸ்டெப் 1: பேப்பர் வேலை

டூர் புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, பின்னாடி இல்ல. பாஸ்போர்ட் இன்னும் 6 மாசமாவது செல்லுபடியாகணும். இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1-ல இருந்து விசா இல்லாம 30 நாள் வரைக்கும் விடுறாங்க, இந்தச் சலுகையை 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, இருந்தாலும் இந்த மாதிரி ரூல் எப்ப வேணா மாறும், கிளம்புற வாரத்துல ஒரு தடவை மலேசிய இமிக்ரேஷன் சைட்டைப் பாத்துக்கோங்க. இலங்கை பாஸ்போர்ட்னா ஈ-விசா எடுத்துட்டுத்தான் போகணும்.

எல்லாரும் மலேசியா விசாவையே யோசிப்பாங்க, திரும்பி சிங்கப்பூருக்குள்ள வர்றதை யோசிக்க மாட்டாங்க. ஊர்ல இருந்து டூரிஸ்ட் விசாவுல வந்திருந்தீங்கன்னா உங்க சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க. சிங்கிள் என்ட்ரின்னா மலேசியா பக்கம் ஜொகூருக்குப் போற பாலத்தைத் தாண்டின நிமிஷமே அது முடிஞ்சு போச்சு, சாயங்காலம் திரும்பி வந்து உட்லண்ட்ஸ்ல, அதாவது சிங்கப்பூர் பக்கத்து பார்டர் செக்பாயிண்ட்ல, நின்னுக்கிட்டு ஹோட்டல்ல பெட்டி இருக்கு சார்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

அடுத்து ஆன்லைன் ஃபார்ம். மலேசியாவுக்கு எம்டிஏசின்னு ஒரு டிஜிட்டல் அரைவல் கார்டு, 2024 ஜனவரி 1-ல இருந்து கட்டாயம், போய்ச் சேர்றதுக்கு முன்னாடி 3 நாளைக்குள்ள போடணும். சிங்கப்பூர் சிட்டிசனுக்கு வேண்டாம், ஆனா சிங்கப்பூர் பிஆரா (நிரந்தரவாசி) இருந்து கையில இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கீங்கன்னா நீங்க போட்டே ஆகணும். குழந்தைக்கும் தனியா ஒண்ணு. இது முழுக்க இலவசம், காசு கேக்குற சைட் வந்துச்சுன்னா அது வேற யாரோ கடை விரிச்சிருக்காங்கன்னு அர்த்தம், மூடிட்டு அரசாங்க சைட்டைத் தேடுங்க. அதே மாதிரி திரும்பி வர்றதுக்கு சிங்கப்பூர் அரைவல் கார்டு. டூரிஸ்ட்டா வந்தவங்க முதல் தடவை சாங்கி ஏர்போர்ட்ல இறங்குறப்ப போட்டதை வச்சு சமாளிக்க முடியாது, இந்தத் தடவைக்குப் புதுசா போடணும். சிட்டிசன், பிஆர், வொர்க் பாஸ் மாதிரி நீண்டநாள் பாஸ் இருக்குறவங்க தரைவழியா வந்தா இது தேவையில்ல.

ஃபார்ம்ல ஹோட்டல் அட்ரஸ் கேக்கும், ஒருநாள் ட்ரிப்புக்கு ஏது ஹோட்டல்? டூர் கம்பெனிகிட்ட என்ன போடணும்னு கேட்டு வாங்கிக்கோங்க, அவங்களுக்கு இது தினப்படி வேலை.

ஸ்டெப் 2: எந்த டூர்

விளம்பரத்துல "12 இடம்"னு போட்டிருந்தா சந்தோஷப்படாதீங்க. அஞ்சு மணி நேரத்துல 12 இடம்னா ஒவ்வொரு இடத்துலயும் இறங்கி போட்டோ எடுத்துட்டு ஓடி வந்து ஏறணும், அதுல ரெண்டு மூணு இடம் கண்டிப்பா டூரியன் மிட்டாய் கடை, காப்பித்தூள் கடைன்னு கமிஷன் கடையா இருக்கும். கம்பெனிக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க: மலாக்காவுல மொத்தம் எத்தனை மணி நேரம், அதுல நாங்களா சுத்துறதுக்கு எவ்வளவு, கட்டாயமா நிறுத்துற கடை எத்தனை, கைடு என்ன மொழி பேசுவார், மதிய சாப்பாடு உண்டா, சைவம் கிடைக்குமா, பார்டரைத் தாண்டுறது உட்லண்ட்ஸ் வழியாவா துவாஸ் வழியாவா. பதில் சுத்தி வளைச்சு வந்தா அடுத்த கம்பெனி.

கைடு இல்லாம பஸ் டிக்கெட் மட்டும் எடுத்துட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. போகலாம், செலவும் கம்மி. ஆனா மலாக்கா சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் பழைய ஊருக்குள்ள இல்ல, அங்க இருந்து மறுபடியும் டாக்ஸி பிடிக்கணும், திரும்புற பஸ் நேரத்தையும் பாத்துக்கிட்டே இருக்கணும். முதல் தடவைக்கு கைடு இருக்குறது நல்லதுங்கறதுதான் என் கட்சி, அதுவும் வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா.

ஸ்டெப் 3: எந்த நாள்

சனி ஞாயிறு வேண்டாம். சிங்கப்பூர் பப்ளிக் ஹாலிடே, பள்ளிக்கூட லீவு, லாங் வீக்கெண்ட், எதுவும் வேண்டாம், அந்த நாள்ல காஸ்வேயில (உட்லண்ட்ஸ்ல இருந்து ஜொகூர் போற பாலம்) நிக்கிற நேரத்துல மலாக்காவை ஒரு சுத்து சுத்திடலாம். மலாக்காவோட பேர் போன கடைத்தெரு ஜோங்கர் ஸ்ட்ரீட், அங்க நைட் மார்க்கெட் வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலம்தான்னு சொல்லி சிலர் வீக்கெண்ட் போகச் சொல்லுவாங்க, ஆனா பாதி ஒருநாள் டூர் அது சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிடும். வாரத்தோட ஆரம்பத்துல ஜோங்கர்ல கொஞ்சம் கடைங்க மூடியிருக்கும். அதனால புதன், இல்ல வியாழன்.

ஸ்டெப் 4: பையில என்ன

சின்ன பை போதும். ஏன்னா மலேசியா பக்கம் எல்லாத்தையும் தூக்கிட்டு இறங்கி ஸ்கேன் பண்ணணும். பாஸ்போர்ட், பாஸ் கார்டு, எம்டிஏசி ஸ்கிரீன்ஷாட், குடை, தண்ணி, ஒரு மெல்லிசு ஜாக்கெட் (கோச்ல ஏசி பிடிச்சு ஆட்டும்), கொஞ்சம் ரிங்கிட். ரிங்கிட்டை லிட்டில் இந்தியாவுல முந்தின நாளே மாத்திக்கோங்க, டாய்லெட்டுக்கு சில்லறை வேணும். போன்ல ரோமிங் இருக்கான்னு பாருங்க. ரெண்டு நாட்டுக்கும் ஒரே டைம்தான், வாட்ச்சை மாத்த வேண்டியதில்ல.

ஸ்டெப் 5: பார்டர்

புதுசா போறவங்க பயப்படுற இடம் இதான். சிங்கப்பூரையும் ஜொகூரையும் ரெண்டு பாலம் இணைக்குது, உட்லண்ட்ஸ்ல இருக்குறது பழைய காஸ்வே, ஒரு கிலோமீட்டர்தான். துவாஸ்ல இருக்குறது 1998-ல திறந்த செகண்ட் லிங்க், வழக்கமா கூட்டம் கம்மி.

கோச் சிங்கப்பூர் செக்பாயிண்ட்ல நிக்கும். இறங்குறதுக்கு முன்னாடி பஸ் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, கலரை மட்டும் ஞாபகம் வச்சா போதாது, கீழ அதே கம்பெனி பஸ்ஸே வரிசையா நாலு நிக்கும். எஸ்கலேட்டர்ல மேல போய், பாஸ்போர்ட் காட்டி, மறுபக்கம் இறங்கி உங்க பஸ் நிக்கிற இடத்துக்கு வரணும். திரும்ப ஏறி, பாலத்தைத் தாண்டி, மலேசியா பக்கம் மறுபடியும் இதே கதை, இந்தத் தடவை பையோட. சீட்ல கெடக்கட்டும்னு எதையும் வச்சுட்டு இறங்காதீங்க.

மலேசியா கவுண்டர்ல ரெண்டு ஆள்காட்டி விரலையும் ஸ்கேனர்ல வைக்கச் சொல்லுவாங்க. எவ்வளவு நாள்னு கேட்டா "ஒருநாள் டூர், சாயங்காலம் திரும்புறோம்"னு சொல்லுங்க, அவ்வளவுதான். ஸ்டாம்ப் அடிச்சா தேதி சரியான்னு அங்கயே நின்னு பாத்துட்டு நகருங்க. கியூல நின்னு செல்ஃபி, வீடியோ எல்லாம் வேண்டாம், ரெண்டு பக்கமும் போட்டோ எடுக்கக் கூடாத இடம்.

குரூப்ல ஒருத்தர் லேட்டானா கோச் எவ்வளவு நேரம் காத்திருக்கும்னு கைடுகிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, அவர் வாட்ஸ்அப் நம்பரும் வாங்கிக்கோங்க. டாய்லெட் போகணும்னா இமிக்ரேஷன் முடிச்சுட்டுப் போங்க, முன்னாடி போனா நாலு பஸ் கூட்டம் உங்களுக்கு முன்னாடி போய் நின்னுடும். அப்புறம் நார்த்-சவுத் ஹைவேதான், ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவுல ஒரு தடவை நிப்பாட்டுவாங்க, தூங்கிக்கோங்க.

ஸ்டெப் 6: மலாக்காவுல

பெரும்பாலும் சிவப்புக் கட்டடங்கள் இருக்குற டச்சு ஸ்கொயர்ல இறக்கி விடுவாங்க. ஸ்டாடைஸ்ங்கறது டச்சுக்காரங்க 17-ம் நூற்றாண்டுல கட்டின ஆபீஸ், பக்கத்துல கிறைஸ்ட் சர்ச், 1753-ல முடிச்சது. இந்த சிவப்பு ஆதியில கிடையாது, வெள்ளையா இருந்துச்சு, பிரிட்டிஷ்காரங்க காலத்துல அடிச்ச பெயின்ட். முன்னாடி ஹலோ கிட்டி பொம்மையும் பூவும் வச்ச ட்ரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) வரிசையா நிக்கும், பாட்டு காதைக் கிழிக்கும். ஏறணும்னா ரேட்டையும் எவ்வளவு நேரம்ங்கறதையும் பேசிட்டு ஏறுங்க.

கைடு பின்னாடியே செயின்ட் பால் குன்று ஏறுங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏறிட்டா புண்ணியம். மேல கூரை இல்லாத சர்ச், போர்ச்சுகீசியர் 1521-ல கட்ட ஆரம்பிச்சது. உள்ள சுவரோரமா ஆள் உயரத்துக்கு கல்லறைப் பலகைகளை நிமிர்த்தி சாய்ச்சு வச்சிருக்காங்க, விரலால தடவுனா லத்தீன் எழுத்தும் கப்பல் படமும் தட்டுப்படும். நம்ம முத்துக்குளித்துறை பரதவர்கள் மத்தியில வேலை செஞ்ச அதே பிரான்சிஸ் சேவியரோட உடலை 1553-ல கோவாவுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி சில மாசம் இங்கதான் புதைச்சு வச்சிருந்தாங்க. வெளிய நிக்கிற அவர் சிலைக்கு வலது கை இருக்காது. 1952-ல சிலையைத் திறந்து வச்ச மறுநாளே மரம் விழுந்து கை உடைஞ்சுதுன்னு சொல்லுவாங்க, நிஜ சேவியரோட வலது கையையும் 1614-ல தனியா எடுத்து ரோமுக்கு அனுப்பியிருக்காங்க. இதெல்லாம் சொல்லத்தான் கைடு, போர்டுல இவ்வளவு இருக்காது. மறுபக்கம் இறங்கினா ஃபமோசா கோட்டை, அதாவது மிச்சம் இருக்குற ஒரே ஒரு வாசல். 1511-ல போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் ஊரைப் பிடிச்சுக் கட்டினது, 1641-ல டச்சு கைக்குப் போச்சு, அப்புறம் வந்த பிரிட்டிஷ்காரங்க 1807-ல வெடி வச்சுத் தகர்த்தாங்க, இந்த வாசல் மட்டும் தப்பிச்சுது.

ஃப்ரீ டைம் கொடுத்ததும் எல்லாரும் ஜோங்கர் ஸ்ட்ரீட்டுக்கு ஓடுவாங்க. நீங்க ஒரு தெரு தள்ளிப் போங்க, ஜாலான் துகாங் இமாஸ். அங்க ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கு, 1781-ல மலாக்கா செட்டி சமூகத்தார் கட்டினது, மலேசியாவோட ரொம்பப் பழைய இந்துக் கோயில்கள்ல ஒண்ணு. சோழமண்டலக் கரையில இருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கயே கல்யாணம் பண்ணித் தங்கினவங்க வம்சம் அது, இப்ப வீட்டுல பேசுறது மலாய், கும்பிடுறது சிவனையும் மாரியம்மனையும். கோயில்ல இருந்து நாலு எட்டு நடந்தா கம்போங் கிளிங் மசூதி, 1748, மினாராவைப் பாத்தா சீன பகோடா மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தா செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூணும் ஒரே நடையில. பல டூர்ல இந்தத் தெருவே லிஸ்ட்ல இருக்காது, என்னைக் கேட்டா ஆத்துல போட் சவாரியை விட்டுட்டாவது இதைப் பாக்கலாம். மத்தியானம் விநாயகர் கோயில் நடை சாத்தியிருக்க வாய்ப்பு இருக்கு, கோபுரத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கோங்க.

ஸ்டெப் 7: சாப்பாடு

சிக்கன் ரைஸ் பால் (சிக்கனோட வர்ற சோத்து உருண்டை), நியோன்யா லக்சா (தேங்காப்பால் நூடுல்ஸ்), இதெல்லாம் பேர் போனது, லக்சாவுல இறால் விழுது இருக்கும், சைவக்காரங்க கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. குலா மலாக்கா வெல்லப்பாகு ஊத்தின செண்டோல் (ஐஸ் போட்ட இனிப்பு) மட்டும் யாரும் விட வேண்டாம். பெரிய கியூ இருக்குற கடையில நின்னு அரைமணி நேரம் வீணாக்காதீங்க.

ஸ்டெப் 8: திரும்புறது

சொன்ன நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடியே நில்லுங்க, இங்க லேட்டானா பார்டர்ல ஆபீஸ் முடிஞ்சு வர்ற கூட்டத்துல போய் மாட்டிப்பீங்க. பொருள் வாங்கினதுல கவனம். சிகரெட்டுக்கு சிங்கப்பூர்ல டூட்டி ஃப்ரீ அளவே கிடையாது, ஒரு பாக்கெட்னாலும் டிக்ளேர் பண்ணி வரி கட்டணும். மலேசியாவுல இருந்து வர்றப்ப மதுபானத்துக்கும் சலுகை இல்ல. சூயிங் கம், வேப், ரெண்டையும் தொடாதீங்க. 48 மணி நேரத்துக்குள்ள திரும்புறவங்களுக்கு 100 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் வாங்கின பொருளுக்கு ஜிஎஸ்டி இல்ல, வொர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரங்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. வெல்லக்கட்டி, தோதோல் (அல்வா மாதிரி ஒரு இனிப்பு), அன்னாசி டார்ட் வாங்கினா பில்லை வச்சுக்கோங்க.

ஒருவேளை திரும்பி வர்றப்ப சிங்கப்பூர் செக்பாயிண்ட்ல கோச் உங்களை விட்டுட்டுப் போயிடுச்சுன்னா, உட்லண்ட்ஸ் வழியா வந்திருந்தா பதறாதீங்க, கீழ பஸ் ஸ்டாப்ல 170, 160, 950 எது வந்தாலும் ஈஸி-லிங்க் கார்டை (சிங்கப்பூர் பஸ், ரயில் கார்டு) தட்டி ஏறிடலாம். துவாஸ்ல அவ்வளவு பஸ் கிடையாது, அதனால அங்க மட்டும் கைடு கண்ணுல படுற மாதிரியே நடங்க.